ரெண்டுங்கெட்டான் வயசும் முப்பது வயசுப் பாட்டுக்காரர்களும்

1979-இல் ஒரு நாள், வடக்கு லண்டனில் இஸ்லிங்டன் கிரீன் என்ற அரசுப் பள்ளியிலிருந்து 23 பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். கூட்டிக்கொண்டு போனவர் அவர்களுடைய இசை ஆசிரியர் ஆலன் ரென்ஷா. போன இடம், பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்த பிரிட்டானியா ரோ ஒலிப்பதிவுக் கூடம். பிள்ளைகளுக்கு 13 முதல் 15 வயது. பாட வேண்டியது சில வரிகள்தான்: எங்களுக்குப் படிப்பு வேண்டாம், எங்கள் மூளைக்குக் கடிவாளம் வேண்டாம், வாத்தியாரே, பிள்ளைகளைச் சும்மா விடு. இதைப் பாட ஒரு வாத்தியாரே கூட்டிக்கொண்டு போகிறார் என்பதுதான் வேடிக்கை. தலைமை ஆசிரியை தடுத்துவிடுவாரோ என்று பயந்து, பாட்டின் வரிகளை அவர் கண்ணில் காட்டவே இல்லை.

இசைக்குழுவினர் யாரும் அங்கே இல்லை. பிங்க் ஃப்ளாய்ட் அப்போது லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்து ‘த வால்’ ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து நாடா வந்தது. லண்டனில் ஒலிப்பொறியாளர் நிக் கிரிஃபித்ஸ் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். அதனால்தான் 23 குரல்கள் ஒரு பள்ளிக்கூடமே கிளம்பி வந்தாற்போலக் கேட்கின்றன. பயிற்சி பெற்ற குரல்களின் வழவழப்பு அதில் இல்லை. இடைவேளை மணி அடித்ததும் மைதானத்தில் கிளம்பும் குரல் அது. ‘அனதர் பிரிக் இன் த வால்’ இரண்டாம் பகுதி அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குப் பிரிட்டனில் முதலிடம். சில மாதங்களில் அமெரிக்காவிலும் முதலிடம்.

இந்தப் பாட்டை எழுதிய, பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ரோஜர் வாட்டர்ஸுக்கு அப்போது வயது 36. அவர் பொருமுவது 1979-இன் பள்ளிக்கூடத்தைப் பற்றியல்ல. 1950-களில் தான் படித்த கேம்பிரிட்ஜ் ஆண்கள் பள்ளியில் சில ஆசிரியர்கள் பிள்ளைகளை மட்டம் தட்டிக்கொண்டே இருந்ததை அவர் மறக்கவில்லை. அந்த இருபது வருடக் கோபத்தைப் பாடிக் கொடுத்த பிள்ளைகளோ, வகுப்பு நேரத்தில் ராக் பாட்டுப் பாட அழைத்துப்போகும் ஆசிரியர் வாய்த்தவர்கள்.

பதின்ம வயதின் தவிப்பைச் சொல்லும் ராக் பாட்டுகளை எடுத்துப் பார்த்தால் இந்த இடைவெளி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. தவிப்பது பதினைந்து வயது. பேனா பிடித்திருப்பது இருபத்தைந்தோ முப்பதோ. வளர்ந்த பிறகு திரும்பிப் பார்க்கிறவன் எழுதுகிறான், வளர்ந்துகொண்டிருக்கிறவன் அதைத் தன் கதை என்று எடுத்துக்கொள்கிறான். இந்தக் கைமாற்றத்தில் பாட்டின் அர்த்தம் பலமுறை தலைகீழாகியும் இருக்கிறது. இந்த வகைப் பாட்டுகளில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான்.

தொடக்கத்திலேயே இது நடந்தது. பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ பாட்டில் இளைஞர் பிரச்சினை என்று எதுவுமே கிடையாது. விடிய விடிய ஆடுவோம் என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. எழுதிய இருவரில் ஒருவரான மேக்ஸ் ஃப்ரீட்மன் அறுபதை ஒட்டிய ஆள். 1954-இல் பதிவான அந்தப் பாட்டு பெரிதாக ஓடவும் இல்லை. மறு வருடம், அடங்காத மாணவர்கள் நிறைந்த நியூயார்க் தொழிற்பள்ளி ஒன்றைக் காட்டும் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ படத்தின் பெயர்ப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான், பாட்டுக்கும் பொறுக்கிப் பையனுக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. 1955 ஜூலையில் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்த அதே வாரத்தில் ஹேலிக்கு 30 வயது நிறைந்தது. முன்நெற்றியில் ஒரு சுருள்முடி, கட்டம்போட்ட கோட்டு, பார்த்தால் சித்தப்பா மாதிரி ஒரு மனிதர். 1956-இல் அவரே நடித்த படம் வந்தபோது பிரிட்டனில் பையன்கள் தியேட்டர் இருக்கைகளைக் கிழித்தார்கள். சில நகராட்சிகள் படத்தையே தடை செய்தன.

அதற்குப் பின்னால் காசும் இருந்தது. ‘டீனேஜர்’ என்ற சொல் அமெரிக்காவில் பரவலாகப் புழங்கத் தொடங்கியதே 1940-களில்தான். அதற்குமுன் பிள்ளை, பிறகு ஆள்; நடுவில் தனிச் சாதி கிடையாது. போருக்குப் பிறகு வந்த செழிப்பில், சம்பாதிக்காமலே செலவழிக்கக் கையில் சில்லறை வைத்திருக்கும் ஒரு கூட்டம் முதன்முறையாக உருவானது. அந்தச் சில்லறையை ஜூக்பாக்ஸில் போட்டால்தான் ராக் ஓடும். அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் சக் பெர்ரி. 1957-இல் வந்த அவருடைய ‘ஸ்கூல் டே’ ஒரு பள்ளி நாளை மணி அடிப்பதிலிருந்து சொல்கிறது: மதிய உணவுக்கு உட்கார இடம் கிடைப்பதே அதிர்ஷ்டம், தின்ன நேரம் இல்லை, மூன்று மணிக்கு விடுதலை, நேரே மூலைக் கடை, காசைப் போடு, ஆடு. அப்போது பெர்ரிக்கு 30 வயது, குடும்பஸ்தர். உண்மையிலேயே இளமையில் வழி தவறிய ஆளும் அவர்தான். 1944-இல் ஆயுதக் கொள்ளைக்காக மிசௌரியில் சீர்திருத்தப் பள்ளிக்குள் போனவர், 1947-இல் தன் 21-ஆவது பிறந்த நாளன்றுதான் வெளியே வந்தார். அந்த மூன்று வருடத்தின் வாசனைகூட அவருடைய பள்ளிப் பாட்டில் இல்லை. கஷ்டப்பட்டவன் கஷ்டத்தைத்தான் பாடுவான் என்று நாம் நினைப்பது, பாட்டெழுதுகிறவன் சந்தையை மறந்துவிடுவான் என்று நினைப்பதுபோல.

விதிவிலக்கு உண்டு. ‘த ஹூ’ இசைக்குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ‘மை ஜெனரேஷன்’ எழுதியபோது அவருக்கு 20 வயது. கோபத்துக்குக் காரணம் என்று அவர் பின்னாளில் சொன்னது ஒரு விசித்திரமான கதை. பழைய அமரர் ஊர்தி ஒன்றை வாங்கி லண்டனின் பணக்காரத் தெருவில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தாராம். அந்த வழியாகப் போன ராஜமாதாவுக்கு அது கணவரின் இறுதி ஊர்வலத்தை நினைவூட்டியதால், வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். 1965 அக்டோபர் கடைசியில் வந்த பாட்டில் ரோஜர் டால்ட்ரி திக்கித் திக்கிப் பாடுகிறார். ஓர் இடத்தில் ‘ஃப’ என்ற ஒலியில் வந்து சிக்கிக்கொள்கிறார். கேட்கிறவன் காதில் ஒரு கெட்ட வார்த்தை தயாராகக் காத்திருக்கும்போது, வந்து விழுவது ‘மங்கி மறைந்து போ’ என்ற சாதாரணச் சொல். பேச வேண்டியது ஆயிரம் இருந்தும் வாயில் வராத வயதை இதைவிடக் கச்சிதமாக யாரும் ஒலியாக்கியதில்லை என்பது என் கட்சி. திக்குவாய் உள்ளவர்கள் மனம் நோகும் என்று பிபிசி முதலில் ஒலிபரப்ப மறுத்தது. பாட்டு ஓடத் தொடங்கியதும் மனம் மாறியது. பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது.

கிழவனாவதற்குள் செத்துப்போனால் தேவலை என்று அந்தப் பாட்டில் ஒரு வரி வருகிறது. இருபது வயதில் சொல்வது சுலபம். டிரம்ஸ் வாசித்த கீத் மூன் 1978-இல் 32 வயதில் இறந்தார். அந்தப் பாட்டில் பேஸ் கிதாரைத் தனியாவர்த்தனம் செய்யவைத்த ஜான் என்ட்விசில் 2002-இல் 57 வயதில் போனார். மிச்சமிருந்த இருவரும் 2012-இல் லண்டன் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் அதே பாட்டை உலகத்துக்கே பாடிக் காட்டினார்கள். டால்ட்ரிக்கு 68, டவுன்ஷெண்டுக்கு 67. சின்ன வயதில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாததற்காக யாரும் அவர்களைக் கோபித்துக்கொள்ளவில்லை.

தமிழில் நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: ரெண்டுங்கெட்டான். வளரிளம் பருவம் என்று பாடநூல் சொல்லும், விடலை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் இங்கேயும் சேர்த்தியில்லை, அங்கேயும் சேர்த்தியில்லை என்ற அவஸ்தை ரெண்டுங்கெட்டானில்தான் முழுசாக இருக்கிறது. ஆலிஸ் கூப்பர் குழுவின் ‘ஐயம் எய்ட்டீன்’ இந்தச் சொல்லுக்கு எழுதிய உரை மாதிரி. பதினெட்டு வயசு, பையனும் இல்லை, ஆளும் இல்லை, என்ன வேண்டும் என்றே தெரியவில்லை என்று மூன்று நிமிடம் புலம்பிவிட்டு, கடைசியில் ‘ஆனால் எனக்குப் பிடிச்சிருக்கு’ என்று கூவி முடிகிறது. அந்தக் கடைசித் திருப்பம்தான் பாட்டைக் காப்பாற்றுகிறது. இல்லாவிட்டால் வெறும் அழுகை. 1970-இல் இதைத் தயாரித்த பாப் எஸ்ரினுக்கு அப்போதுதான் 21 வயது. கிளப்பில் முதல்முறை கேட்டபோது சத்தத்தில் ‘எய்ட்டீன்’ என்பது ‘எட்ஜி’ (படபடப்பு) என்றே காதில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். இந்த எஸ்ரினை நினைவில் வையுங்கள். இன்னொரு கிளைக்கதையும் உண்டு: 1975-இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு துணிக்கடையில், 19 வயது ஜான் லைடன் ஜூக்பாக்ஸில் இதே பாட்டை ஓடவிட்டு, அதற்கு வாயசைத்துக் குதித்துக் காட்டித்தான் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்ற பங்க் குழுவின் பாடகரானார்.

1972-இல் கூப்பர் குழுவும் எஸ்ரினும் ‘ஸ்கூல்ஸ் அவுட்’ செய்தார்கள். வாழ்க்கையின் மிகச் சிறந்த மூன்று நிமிடம் எது என்றால், கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பின் கடைசி மூன்று நிமிடம்தான். அதைப் பாட்டாக்கினேன் என்பார் கூப்பர். எங்களிடம் ‘கிளாஸ்’ இல்லை என்று ஒரு வரி. வகுப்பும் இல்லை, தரமும் இல்லை என்று இரண்டும் பொருந்தும். அடுத்ததாக ‘பிரின்சிபல்ஸ்’ இல்லை: தலைமை ஆசிரியரும் இல்லை, கொள்கையும் இல்லை. பிறகு, இதற்கு எதுகை கிடைக்கும் சொல்கூடத் தெரியவில்லை என்று பாட்டுக்குள்ளேயே ஒப்புக்கொள்கிறான் பாடுகிறவன். படிக்காத பையன் எழுதிய பாட்டு இப்படித்தானே இருக்கும் என்று காட்டுவதற்காக, நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் செய்த குறும்பு. பிரிட்டனில் ஒழுக்கக் காவலராகப் பேர்பெற்ற மேரி வைட்ஹவுஸ் இதைத் தடை செய்யச் சொல்லிக் குரல் கொடுத்தார். பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது. விளம்பரம் செய்ததற்கு நன்றியாக அவருக்குப் பூங்கொத்து அனுப்பியதாகக் கூப்பர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பாட்டில் சின்னப் பிள்ளைகளின் குரல்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் எஸ்ரின். ஏழு வருடம் கழித்து ‘த வால்’ ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தபோது, வாட்டர்ஸ் எழுதிய பள்ளிக்கூடப் பாட்டு ஒரே சரணத்தோடு ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துபோவதைப் பார்த்தார். அதே சரணத்தைப் பிரதி எடுத்து ஒட்டி நீட்டினார். ஒட்டிய இடத்தில் பிள்ளைகளைப் பாடவைக்கலாம் என்று லண்டனுக்கு நாடா அனுப்பச் சொன்னவரும் அவரே. ஆக, தலைமுறைக் குமுறலாக நாம் கேட்கும் அந்தப் பிள்ளைக் குரல், ஒரு கெட்டிக்காரத் தயாரிப்பாளர் இரண்டாவது முறை போட்ட அதே விதை.

இப்படிச் சொன்னால் பாட்டு போலி என்று ஆகிவிடாது. ‘த வால்’ முழுக்கக் கேட்டால் மாதா, பிதா, குரு மூவரும் வரிசையாகச் சுவரின் செங்கற்களாக நிற்பார்கள். வாட்டர்ஸ் பிறந்து ஐந்து மாதத்தில், 1944 பிப்ரவரியில், அப்பா இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இறந்தார். அம்மா அதீத அணைப்பால் ஒரு செங்கல், வாத்தியார் ஏளனத்தால் இன்னொன்று, இல்லாத அப்பாதான் முதல் செங்கல். நாம் தெய்வத்துக்கு முன்னால் நிறுத்திய மூன்று பேரும் அங்கே குற்றவாளிக் கூண்டில். வானொலியில் இரண்டாம் பகுதியை மட்டும் கேட்டவர்களுக்குக் கிடைத்தது வாத்தியார் மட்டுமே.

அந்த மட்டுமே போதும் என்று ஓர் இடத்தில் ஆனது. 1980-இல் தென்னாப்பிரிக்காவில், வெள்ளையர் பள்ளிகளுக்கு ஒரு தரம், மற்றவர்களுக்கு வேறு தரம் என்று நிறவெறி அரசு வைத்திருந்த கல்விமுறையை எதிர்த்துக் கேப் டவுன் பக்கத்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். இந்தப் பாட்டை அவர்கள் கோஷமாக எடுத்துக்கொண்டார்கள். மே மாதம் அரசு பாட்டைத் தடை செய்தது. கேம்பிரிட்ஜ் பள்ளியில் பட்ட அவமானத்தை நினைத்து எழுதிய வரி, ஆளவே கூடாது என்று திட்டமிட்டுக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகளின் வாயில் போய்த் தன் முழு எடையைப் பெற்றது. படிப்பே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. இந்தப் படிப்பு வேண்டாம் என்றார்கள்.

நேர்மாறான உதாரணம் வட அயர்லாந்தின் டெரி. 1972 ஜனவரியில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தில் சுட்டு ஒரே நாளில் 13 பேரைக் கொன்ற ஊர். அந்தத் தெருக்களில் வளர்ந்த ‘அண்டர்டோன்ஸ்’ பையன்கள் 1978-இல் ஒரு பாட்டுப் போட்டார்கள்: ‘டீனேஜ் கிக்ஸ்’. அதில் துப்பாக்கி இல்லை, ராணுவச் சோதனைச் சாவடி இல்லை. அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தியை இறுக அணைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும். சண்டைக்காட்டில் வளர்ந்தவனுக்கும் பதினாறு வயது பதினாறு வயதுதான் என்று சொல்வதே அங்கே ஓர் அரசியல் என்று படுகிறது எனக்கு. பிபிசி வானொலியில் பாட்டுகளை அறிமுகப்படுத்திவந்த ஜான் பீல் அதை ஒருமுறை போட்டுவிட்டு, உடனே மறுபடியும் போட்டார். 2004-இல் இறந்த அவருடைய கல்லறைக் கல்லில் அந்தப் பாட்டின் வரிதான் இருக்கிறது.

வளர்வது என்பதைக் கொண்டாட்டமாகவோ கலகமாகவோ பார்க்காமல், கதவுகள் ஒவ்வொன்றாக மூடுவதாகப் பார்த்தவர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன். நியூஜெர்சியில் ஃப்ரீஹோல்ட் என்ற சிற்றூர். அப்பா கம்பள ஆலையில், கார் தொழிற்சாலையில், பஸ் ஓட்டுநராக, சிறைக் காவலராக என்று வேலை மாறி மாறிப் பார்த்தவர். பல நாள் வேலையில்லாமல் இருந்தவர். இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, பியரும் சிகரெட்டுமாக இருட்டில் உட்கார்ந்திருப்பார். நீளமுடி வளர்த்த மகன் பின்கதவு வழியாக வரும்போது பிடித்து உட்காரவைப்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் சண்டையில் முடியும். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பதெல்லாம் அந்தச் சமையலறைக்குப் பொருந்தாது.

1985 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் மைதானத்தில் ‘த ரிவர்’ பாடுவதற்குமுன் ஸ்ப்ரிங்ஸ்டீன் இதைச் சொல்கிறார். நேரடி நிகழ்ச்சிகளின் தொகுப்பில் இருக்கிறது, கேட்கலாம். ராணுவம் உன்னைக் கொண்டுபோய் முடியை வெட்டி ஆளாக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம். 1968-இல் வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் உடற்தகுதித் தேர்வுக்குக் கடிதம் வந்தது. முதல் நாள் இரவு முழுக்க நண்பர்களோடு தூங்காமல் கிடந்து, பயந்து நடுங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். அவருடைய முதல் இசைக்குழுவின் டிரம்மர் அதற்குமுன்பே வியட்நாமில் இறந்திருந்தார். தேர்வில் இவரைக் கழித்துவிட்டார்கள். வீட்டுக்குச் சொல்லாமல் மூன்று நாள் சுற்றிவிட்டுத் திரும்பினால் அம்மாவும் அப்பாவும் சமையலறையில். எங்கே போனாய்? உடற்தகுதித் தேர்வுக்கு. என்ன ஆச்சு? எடுக்கவில்லை. அப்பா சொன்னார்: நல்லது.

கூட்டம் ஆரவாரிக்கிறது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஹார்மோனிகா எழும்புகிறது. மேடைக் கதை என்பதால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனாலும் அந்த ‘நல்லது’ என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு வரும் பாட்டை முன்போலக் கேட்க முடிவதில்லை.

‘த ரிவர்’ பாட்டே தன் தங்கையின் கதை என்று ஸ்ப்ரிங்ஸ்டீன் பின்னாளில் எழுதினார். பள்ளி வயதிலேயே கர்ப்பம், அவசரக் கல்யாணம், கட்டட வேலை, பிறகு வேலையும் இல்லை. பாட்டில் வரும் பையனுக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள் பரிசாகக் கிடைப்பவை இரண்டு: தொழிற்சங்க அட்டை, கல்யாணக் கோட்டு. தாலி கட்டுவது நீதிமன்றத்தில். பூ இல்லை, மணப்பெண் அலங்காரம் இல்லை. ஒரு வரியில் வளர்ந்தாகிவிட்டது. இளமை எப்போது முடிந்தது என்று கேட்டால், இந்தப் பாட்டில் தேதியே சொல்லலாம். 1980-இல் ஆல்பம் வந்தபோது ஸ்ப்ரிங்ஸ்டீனுக்கு 31 வயது. தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த அமெரிக்கா. இருந்தும் ஒரு குறை: பாட்டில் வரும் அந்த மேரி வாயே திறப்பதில்லை. அவள் வளர்ந்ததை அவன்தான் சொல்கிறான்.

இந்த வகைப் பாட்டுகளின் பெரிய ஓட்டையே அது. சக் பெர்ரியிலிருந்து எண்ணினால், தவிப்பவர்கள் எல்லாரும் பையன்கள். பெண்கள் காரில் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள், அல்லது வாசலில் காத்திருப்பார்கள். 1977-இல் லண்டனில் பாலி ஸ்டைரீன் என்ற மேடைப் பெயரோடு 20 வயதுப் பெண் வந்தாள். சோமாலிய அப்பா, ஸ்காட்டிஷ்-ஐரிஷ் அம்மா, பல்லில் கம்பி. ‘எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்’ குழுவின் முதல் பாட்டு அவளுடைய பேச்சுக்குரலில் தொடங்குகிறது: சின்னப் பெண்கள் கண்ணில் படலாம், காதில் விழக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அடுத்த கணம் அவள் போடும் கூச்சல், சாக்ஸபோனையும் மிஞ்சிக்கொண்டு போகிறது. குமுறலைச் சொல்லி முடிக்க ‘த வால்’ ஆல்பத்தில் வாட்டர்ஸுக்குத் தேவைப்பட்ட எண்பது நிமிடம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

1991-க்கு வருவோம். அந்த ஆண்டு ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளியொன்றில் 15 வயதுப் பையன் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் தன் உயிரைப் போக்கிக்கொண்டான். செய்தித்தாளில் சின்னப் பத்தியாக வந்த அதைப் படித்துவிட்டு, ‘பேர்ல் ஜாம்’ பாடகர் எடி வெட்டர் ‘ஜெரமி’ எழுதினார். அவருக்கு 26 வயது. பையன் வீட்டில் உட்கார்ந்து படம் வரைகிறான்: மலை உச்சி, அதன்மேல் அவன், கைகளை ‘வி’ வடிவில் உயர்த்தியபடி. அப்பா கவனிக்கவில்லை, அம்மாவுக்கு அக்கறையில்லை. இதுவரை வழக்கமான குற்றப்பத்திரிகை. அடுத்த சரணத்தில் பாட்டு திரும்புகிறது. பாடுகிறவன், அவனைச் சீண்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்கிறான். ஒன்றும் செய்யமாட்டான் என்றுதான் நினைத்தோம் என்கிறான். கதை சொல்பவனே அந்த வகுப்பில் இருந்து கேலி செய்தவர்களில் ஒருத்தன். பெற்றோரைக் குற்றம் சொல்லும் பாட்டுகள் எத்தனையோ உண்டு; பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைக் குற்றம் சொல்ல வைத்த பாட்டு அபூர்வம்.

மார்க் பெலிங்டன் எடுத்த காணொளிக்கு 1993-இல் எம்டிவியின் நான்கு விருதுகள், ஆண்டின் சிறந்த காணொளி உட்பட. ஆனால் ஒளிபரப்பு விதிகளுக்காகக் கடைசிக் காட்சியில் துப்பாக்கியை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது, ரத்தம் தெறித்து உறைந்து உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் மட்டும். பார்த்தவர்களில் நிறையப் பேர் ஜெரமி வகுப்பையே சுட்டுவிட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள். பார்ப்பவர்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்த வெட்டு, பலியானவனைக் கொலைகாரனாக்கியது. அதற்குப்பின் 1998 வரை பேர்ல் ஜாம் காணொளியே எடுக்கவில்லை. வெட்டாத வடிவம் வெளியானது 2020 ஜூனில்.

அதே ஆல்பத்தில் ‘அலைவ்’ என்று இன்னொன்று. அப்பா என்று நம்பி வளர்ந்தவர் அப்பா இல்லை, பெற்றவர் இறந்துவிட்டார் என்று பதின்ம வயதில் தெரிந்துகொண்ட வெட்டரின் சொந்தக் கதை. ‘நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்’ என்பதை அவர் எழுதியது சாபமாக. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் கையைத் தூக்கி அதை வெற்றி முழக்கமாகப் பாடினார்கள். நீங்கள் சேர்ந்து அர்த்தத்தை மாற்றிவிட்டீர்கள், சாபம் நீங்கிவிட்டது என்ற பொருளில் வெட்டர் பின்னாளில் மேடையிலேயே சொன்னார். டவுன்ஷெண்டுக்கும் இது நேர்ந்தது. அவர் பின்பற்றிய மெஹர் பாபாவின் பெயரை ஏந்திய ‘பாபா ஓ’ரைலி’ பாட்டில் பதின்ம வயதின் பாழ்நிலத்தைப் பற்றி வேதனையோடு எழுதினார். அந்தச் சொல்லையே உற்சாக முழக்கமாக்கி, பாட்டின் பெயரே அதுதான் என்று இன்றைக்கும் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பற்றி ஒரு விஷயம் மட்டும். தோழி கேத்லீன் ஹன்னா, ‘நிர்வாணா’ குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் அறைச் சுவரில் ‘கர்ட் மேல் டீன் ஸ்பிரிட் வாசனை’ என்று எழுதிவைத்தார். கோபேன் அதை இளைஞர் கலகத்தின் கோஷம் என்று எண்ணித் தலைப்பாக்கினார். உண்மையில் அது பதின்ம வயதுப் பெண்களுக்கு விற்ற ஒரு டியோடரண்டின் பெயர். பாட்டு வந்து பல மாதம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு தலைமுறையின் கீதம் என்று பேரெடுத்த பாட்டின் தலைப்பில் அக்குள் வாசனை.

பெரியவர்களோ இந்தப் பாட்டுகளை எப்போதும் எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். 1985 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழு ஒன்று ராக் பாட்டு வரிகளைப் பற்றி விசாரணையே நடத்தியது. அதன் வழியாக வந்ததுதான் ஆல்பம் உறைகளில் ஒட்டிய பெற்றோர் எச்சரிக்கை. பதின்ம வயதுப் பிள்ளைகள் அந்தச் சீட்டு ஒட்டிய ஆல்பங்களைத்தான் தேடி வாங்கினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இஸ்லிங்டன் பிள்ளைகளுக்கு வருவோம். 1979-இல் பள்ளிக்கு 1,000 பவுண்ட் கிடைத்தது. பாடிய பிள்ளைகளுக்குத் தனியாகக் காசு இல்லை. ஆல்பமோ கோடிக்கணக்கில் விற்றது. 1996-இல் பிரிட்டனில் காப்புரிமைச் சட்டம் மாறி, ஒலிப்பதிவில் பங்கெடுத்தவர்களுக்கும் ஒலிபரப்பு ராயல்டியில் பங்கு உண்டு என்று ஆனது. 2004-இல் ராயல்டி முகவர் ஒருவர், பழைய பள்ளித் தோழர்களைத் தேடிப்பிடிக்கும் இணையதளம் வழியாக அந்த 23 பேரையும் தேடத் தொடங்கினார். கிடைத்தவர்கள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பணம் வாங்க வேண்டுமானால், அன்றைக்கு அந்தப் பள்ளியில் தாங்கள் படித்தவர்கள்தான் என்பதை அவர்கள் முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது.